காசு கொடுத்துச் சுவரேறலாமா? ஷெஃபீல்டுக்கு வரும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக்கு நான் வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. அதில் ஆறு வருடமாக வாரம் இரண்டு மாலை, செயற்கைச் சுவர்களில் ஏறிப் பழகும் கிளைம்பிங் சென்டரில்தான் கழிகிறது. புதிதாக வந்து சேரும் மாணவர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், ஊரில் இருக்கும் அம்மா என்று எல்லோரும் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது.

காசு கொடுத்துச் சுவர் ஏறுகிறார்களா?

ஆமாம். அம்மாவும் முதலில் இதைத்தான் கேட்டாள். "ஏட்டி, மாடிப்படி ஏறச் சொன்னாலே சடவா இருக்கும்பே, இப்ப துட்டு குடுத்துச் சுவரு ஏறுதியாக்கும்?"

ஒரு முறை உள்ளே போக 10 முதல் 15 பவுண்டு ஆகும். ஷூ வாடகை தனி. மாணவர் அட்டை இருந்தால் குறையும், பல இடங்களில் பகல் நேரத்துக்கும் குறையும். வாரம் இரண்டு தடவை போவீர்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மாதச் சந்தா கட்டினால் போதும். ஜனவரி முதல் வாரத்தில் உற்சாகத்தில் வருடச் சந்தா கட்டிவிட்டு மார்ச்சில் வருந்தியவர்களை நான் அறிவேன்.

உள்ளே போனால் என்ன இருக்கும்?

பெரும்பாலும் பழைய தொழிற்சாலைக் கொட்டகை, உயரமான தகரக் கூரை. சுற்றிலும் பிளைவுட் பலகையால் கட்டிய சுவர்கள். சில நேராக நிற்கும், சில பின்பக்கம் சாய்ந்திருக்கும், சில நம் தலைக்கு மேல் கவிழ்ந்துகொண்டு வரும். அவற்றில் பல நிறங்களில் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். வாளிக் கைப்பிடி மாதிரி வசதியானதும் இருக்கும், முக்கால் அங்குலம் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதும் இருக்கும், பூசணிக்காய் மாதிரி வழவழவென்று பிடிக்க எதுவுமே இல்லாததும் இருக்கும். கீழே தரை முழுக்க முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த தடிமனில் மெத்தை.

ரப்பர், வியர்வை, காபி மூன்றும் கலந்த ஒரு வாசனை வரும். ஒரு மாதத்தில் அது பழகிவிடும், இரண்டு மாதத்தில் உங்கள் பையிலும் ஏறிவிடும்.

எல்லா ஊரிலும் ஜிம் இருக்கிறது. ஷெஃபீல்டில் மட்டும் ஏன் இத்தனை பேர் ஏறுகிறார்கள்?

கல்தான் காரணம். நகரத்துக்கு மேற்கே பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1951இல் அறிவிக்கப்பட்ட அதுதான் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. அங்கே ஸ்டானேஜ் என்ற பாறை விளிம்பு சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் கட்டியதுபோல நிற்கிறது. கிரிட்ஸ்டோன் என்கிற சொரசொரப்பான மணற்கல் அது. ஒரு காலத்தில் இந்தக் கல்லைக் கொத்தித்தான் திரிகைக் கற்களும் சாணைக்கற்களும் செய்தார்கள். ஷெஃபீல்டு கத்திகள் உலகப் புகழ் பெற்றதில் இந்தக் கல்லுக்கும் பங்கு உண்டு. விற்காமல் போன திரிகைக் கற்கள் இன்றும் ஸ்டானேஜ் அடிவாரத்தில் புல்லுக்குள் கிடக்கின்றன.

அப்புறம் எஃகுத் தொழில் சரிந்தது. 1980களில் ஊரில் வேலை இல்லை, வீட்டு வாடகை மட்டும் மலிவு. அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகையை வைத்துக்கொண்டு முழுநேரமும் பாறையேறிய ஒரு தலைமுறை இங்கே வந்து கூடியது. ஜெர்ரி மொஃபாட், பென் மூன் எல்லாம் அந்தக் கூட்டம்தான். 1990இல் பக்கத்து டெர்பிஷயரில் உள்ள ரேவன் டார் பாறையில் பென் மூன் ஏறிய 'ஹப்பிள்' என்ற வழி, அன்றைக்கு உலகத்திலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று.

பாறை பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் இங்கிலாந்தில் மழை ஓய்வதில்லையே. மழை நாளில் என்ன செய்வது? 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்கல்வி ஆசிரியர் ஒரு நடைபாதையின் செங்கல் சுவரில் பாறைத் துண்டுகளைப் பதித்துப் பயிற்சிச் சுவர் அமைத்தார். அதைப் பார்த்து மற்ற இடங்களிலும் சுவர்கள் வந்தன. 1991இல் ஷெஃபீல்டில் 'ஃபவுண்ட்ரி' திறந்தது. ஏறுவதற்கென்றே பிரிட்டனில் திறந்த பெரிய கூடங்களில் அது முன்னோடி. பெயருக்கு அர்த்தம் வார்ப்படப் பட்டறை, ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். 2006இல் கயிறே இல்லாமல் ஏறுவதற்கென்று 'கிளைம்பிங் வொர்க்ஸ்' வந்தது. இன்று நகரத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரு சுவருக்குப் பேருந்து கிடைத்துவிடும்.

எனக்குக் கையில் பலமே இல்லை. ஏற முடியுமா?

முடியும். என் ஊர் உடன்குடிப் பக்கம், கருப்பட்டிக்குப் பேர்போன இடம். பனையேறுகிற தாத்தா ஒருவரைச் சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். ஒல்லியான உடம்பு. காலில் தளையை மாட்டிக்கொண்டு, இரண்டு பாதத்தையும் மரத்தோடு அழுத்தி, காலால் உந்தித்தான் மேலே போவார். மரத்தை அணைத்துக்கொள்ளத்தான் கை. நடுமரத்தில் நின்று கீழே இருப்பவர்களிடம் சாவகாசமாகப் பேசுவார், மூச்சு வாங்காது.

இங்கே முதல் நாள் சுவரில் தொங்கியபோது நான் செய்தது நேர் எதிர். முழங்கையை மடக்கி உடம்பு முழுவதையும் கையால் இழுத்தேன். பத்து நிமிடத்தில் முன்கை கல்லாக இறுகி, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்தில் இருந்த சிறுமியிடம் கொடுத்துத் திறந்து வாங்கினேன். இந்த இறுக்கத்துக்கு இங்கே 'பம்ப்' என்று பெயர்.

பிறகு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கையை நீட்டியே வை, தோள்பட்டை தொங்கட்டும். கட்டைவிரல் பக்கத்து நுனிக்காலால் பிடியில் நில், பாதத்தின் நடுப்பகுதியால் அல்ல. இடுப்பைச் சுவரோடு ஒட்டு. அடுத்த பிடியைப் பார்ப்பதற்கு முன்னால் அடுத்த கால் எங்கே என்று பார். கேட்டதும் பனையேறித் தாத்தா ஞாபகம்தான் வந்தது. இதையெல்லாம் அவர் யாரிடமும் காசு கட்டிக் கற்கவில்லை.

ஜிம்மில் தண்டால் எடுத்து வந்தவர்கள் முதல் மாதம் நம்மைவிட உயரமாகப் போவார்கள். பரவாயில்லை. மூன்றாம் மாதம் அவர்களே வந்து காலை எங்கே வைப்பது என்று கேட்பார்கள்.

விழுந்தால்?

விழுவோம். ஒரு மாலையில் முப்பது தடவை. இங்கே யாரும் விழுந்ததற்குச் சிரிப்பதில்லை, ஏனென்றால் அடுத்த நிமிடம் அவர்களும் விழப்போகிறார்கள்.

கயிறு இல்லாத சுவரின் உயரம் பொதுவாக நாலு, நாலரை மீட்டர். விழும் முறையை முதல் நாளே காட்டுவார்கள். இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், அப்படியே பின்பக்கம் உருண்டுவிட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். இது சொல்ல எளிது, ஆனால் உடம்பு தானாகக் கையை ஊன்றத்தான் பார்க்கும். அதனால் இடுப்பு உயரத்திலிருந்து பத்துத் தடவை வேண்டுமென்றே விழுந்து பழகுங்கள். முடிந்தபோதெல்லாம் குதிக்காமல் இறங்கி வாருங்கள்.

அடிபடுவது பெரும்பாலும் கணுக்கால்தான். எனக்கும் பட்டது, மூன்றாம் வருடம். உயரம் காரணமில்லை. மெத்தையில் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலின் மேல் கால் பட்டுப் பிசகியது. அந்த யாரோ நான்தான். அன்றிலிருந்து மெத்தையில் பாட்டிலைப் பார்த்தால் யாருடையதாக இருந்தாலும் எடுத்து ஓரத்தில் வைத்துவிடுகிறேன்.

இன்னொன்று. ஒருவர் மேலே இருக்கும்போது அவருக்குக் கீழே நடக்கவோ உட்காரவோ கூடாது. அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

முதல் தடவை பதிவுப் படிவம் நிரப்பும்போது ஒரு வரி கண்ணில் படும்: இது காயமோ மரணமோ ஏற்படக்கூடிய ஆபத்துள்ள செயல், அதை அறிந்து ஏற்றுக்கொண்டு பங்கேற்கிறேன் என்று. பிரிட்டிஷ் மலையேற்றக் கவுன்சிலின் வாசகம் அது. படித்துப் பயந்துவிட வேண்டாம். ஆனால் படிக்காமல் டிக் போடவும் வேண்டாம்.

கயிறு கட்டுவார்கள் என்று நினைத்தேனே?

இரண்டு வகை உண்டு. குட்டைச் சுவரில், மெத்தையை நம்பிக் கயிறில்லாமல் ஏறுவது போல்டரிங். உயரச் சுவரில் ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டையை மாட்டி, கயிறு கட்டி ஏறுவது இன்னொன்று. அதற்குக் கீழே ஒருவர் நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் பிலே. தெரியாமல் செய்ய விடமாட்டார்கள். எட்டு முடிச்சுப் போடவும் கயிறு பிடிக்கவும் தெரியும் என்று ஊழியரிடம் செய்து காட்டினால்தான் அனுமதி. ஏறுவதற்கு முன் அவர் முடிச்சை நீங்களும், உங்கள் கருவியை அவரும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். இருபது வருடம் ஏறியவர்களும் இதைச் செய்கிறார்கள்.

துணை இல்லாதவர்களுக்கு ஆட்டோ பிலே என்று சுவர் உச்சியில் ஒரு இயந்திரம். நாடாவைத் தானே இழுத்துக்கொள்ளும், கையை விட்டால் மெதுவாக இறக்கிவிடும். நல்ல கருவி. ஆனால் இதில் நடக்கும் மோசமான விபத்துகள் பலவும் இயந்திரக் கோளாறால் வருவதில்லை. ஏறுகிறவர் நாடாவை மாட்டவே மறந்து ஏறிவிடுவார். அதற்காகவே அடியில் வழியை மறிக்கும்படி ஒரு பெரிய முக்கோணத் துணியைக் கட்டியிருப்பார்கள். அதை அவிழ்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் போல்டரிங்தான் சொல்வேன். துணை வேண்டாம், முடிச்சு வேண்டாம், தனியாகப் போகலாம். தனியாகப் போனால்தான் பேச ஆள் கிடைப்பார்கள். அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அந்த வெள்ளைப் பொடி என்ன?

மெக்னீசியம் கார்பனேட். கை வியர்வையை உறிஞ்சும். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பூசியது. ஜான் கில் என்ற அமெரிக்கர் 1950களில் இதைப் பாறைக்குக் கொண்டுவந்தார். சாக் என்று சொன்னாலும் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் வேறு, அதை இடித்துக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நண்பர் கொண்டுபோனார், வழுக்கியது. ஒருநாள் நான் ஏறிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அப்படியே வீடியோ காலில் பேசினேன். நெற்றியில் பூசியிருந்ததைப் பார்த்து அம்மா, "இன்னைக்கு என்ன விசேசம், கோயிலுக்குப் போனியா?" என்றாள்.

ஷூ அவ்வளவு இறுக்கமாகத்தான் இருக்க வேண்டுமா?

வாடகை ஷூவில் விரல்கள் நுனியைத் தொட வேண்டும், மடங்க வேண்டாம். சிறிய சைஸில் வாங்கிக் கண்ணீரோடு ஏறுவதெல்லாம் பிற்பாடு வருகிற பைத்தியம். முதல் ஆறு மாதம் சொந்த ஷூவே வேண்டாம். கழிவறைக்கு மட்டும் ஏறுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், மற்றவர்கள் கைவைக்கும் பிடியில்தான் அடுத்து நீங்கள் கால் வைக்கப்போகிறீர்கள்.

மோதிரம், வளையல், தாலி?

மோதிரத்தைக் கழற்றியே ஆக வேண்டும், இதில் பேச்சுக்கு இடமில்லை. பிடியின் விளிம்பிலோ திருகாணியிலோ மோதிரம் மாட்டி உடம்பு கீழே போனால் விரலின் தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும். மெட்டி ஷூவுக்குள் தாங்காது, அதையும் கழற்றுங்கள். வளையலும் வேண்டாம்.

தாலியைக் கழற்ற மனசு வராது என்று பலர் சொன்னார்கள். தோழி ஒருத்தி வீட்டிலேயே கழற்றிச் சாமி படத்தில் மாட்டிவிட்டு வருகிறாள். இன்னொருத்தி மஞ்சள் கயிற்றுக்கு மாறி, இறுக்கமான பனியனுக்குள் விட்டுக்கொள்கிறாள். நீளமான தங்கச் சங்கிலியோடு ஏறுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உடை எதுவானாலும் முழங்கால் மடங்கினால் போதும். துப்பட்டா வேண்டாம், தலைமுடியைக் கட்டுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

நிறங்களுக்கு என்ன அர்த்தம்? கிரேடு என்கிறார்களே?

ஒரே நிறப் பிடிகள் சேர்ந்தது ஒரு வழி. ஆரம்பப் பிடியில் அடையாளம் இருக்கும், அங்கே தொடங்கி அந்த நிறத்தை மட்டும் தொட்டு உச்சிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்தால் முடிந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கடின அளவு. எந்த நிறம் எளிது என்பது இடத்துக்கு இடம் மாறும், நுழைவாயில் பலகையைப் பாருங்கள்.

கடினத்தை அளக்க இரண்டு அளவுகோல் நடைமுறையில் உண்டு. பாரிஸ் அருகே உள்ள ஃபான்டன்ப்ளோ காட்டின் பாறைகளிலிருந்து வந்தது ஃபாண்ட் அளவு. 6ஏ, 6பி, 7ஏ என்று போகும். மற்றது டெக்சஸின் ஹுவேகோ டாங்க்ஸ் பாறைகளுக்காக ஜான் ஷெர்மன் போட்ட வி அளவு. அவருடைய பட்டப்பெயர் 'வெர்மின்', அதன் முதலெழுத்துதான் அந்த வி. வி0, வி1 என்று ஏறிக்கொண்டே போகும்.

இங்கே கயிற்றோடு வெளிப்பாறை ஏறுகிறவர்களிடம் வேறொரு பழைய அளவுகோல் இருக்கிறது. அதில் 'டிஃபிகல்ட்' என்றால் எளிது. 'வெரி டிஃபிகல்ட்' என்றாலும் எளிதுதான். 'சிவியர்' வந்தால் கொஞ்சம் யோசிக்கணும். 'ஹார்ட் வெரி சிவியர்' என்று ஒன்று உண்டு, அதற்கு மேல் ஈ1, ஈ2 என்று எண்கள். பயத்தை ஒத்துக்கொள்ளக் கூச்சப்படும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து வைத்த பெயர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த வழிகளை யார் அமைக்கிறார்கள்?

செட்டர் என்று தனி வேலைக்காரர்கள். எனக்கு இந்தத் தொழில் மேல் ஒரு பொறாமையே உண்டு. சில வாரங்களுக்கு ஒருமுறை சுவரின் ஒரு பகுதியைக் கயிறு கட்டி மறைத்துவிட்டு, இருந்த பிடிகளையெல்லாம் கழற்றுவார்கள். பொடியும் ரப்பர் கறையும் ஏறிய பிடிகளைக் கழுவக் கொண்டுபோவார்கள். பலகைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான திருகு மரைகள் பதித்திருக்கும். வெறும் சுவர் ஓட்டை ஓட்டையாக இடியாப்பத் தட்டு மாதிரி நிற்கும். பிறகு ஏணியில் ஏறி, டிரில்லால் புதுப் பிடிகளை முடுக்குவார்கள்.

முடுக்கியதோடு வேலை முடியாது. வழியைப் போட்டவர் ஏறிப் பார்ப்பார், அடுத்தவர் ஏறுவார், குள்ளமானவர் ஒருவர் ஏறுவார். "எனக்கு எட்டவில்லை" என்று அவர் சொன்னால் பிடியை இரண்டு அங்குலம் இறக்குவார்கள், அல்லது காலுக்கு ஒரு பிடி கூட்டுவார்கள். ஒருநாள் காபி குடித்துக்கொண்டே இதை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். ஒரே ஒரு பச்சைப் பிடியை ஐந்து தடவை திருப்பித் திருப்பி வைத்தார்கள். கோலத்தில் ஒரு புள்ளியை மாற்றினால் மொத்தக் கோலமும் மாறுமே, அப்படி. அந்தப் பிடியைக் கால்வாசி வட்டம் திருப்பியதும், நேராக இழுத்து ஏற முடிந்தது முடியாமல் போய், உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தால்தான் ஏற முடியும் என்றாகிவிட்டது.

நேற்று வரை உயிரைக் கொடுத்து முயன்ற வழி, நீங்கள் முடிப்பதற்கு முந்திய நாள் கழற்றப்பட்டிருக்கும். எல்லோருக்கும் நடக்கும். போய்ச் செட்டரிடம் சண்டை போடாதீர்கள்.

தனியாகப் போனால் யாராவது பேசுவார்களா?

இதுதான் நான் எழுத உட்கார்ந்த கேள்வி.

சுவரேறும் இடத்தில் மக்கள் சுவரேறும் நேரம் மிகக் குறைவு. ஒரு முயற்சிக்கு அரை நிமிடம் போதும். பிறகு கை ஓய மூன்று நாலு நிமிடம் உட்கார வேண்டும். இரண்டு மணி நேரம் இருந்தால் சுவரில் இருந்தது இருபது நிமிடம்கூட இருக்காது. மிச்ச நேரமெல்லாம் மெத்தை ஓரத்தில் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருப்போம். நம்ம ஊர்த் திண்ணையேதான். இந்த ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வானிலை தவிர வேறெதுவும் பேச மாட்டார். அதே ஆள் இங்கே தானாக வந்து, "அந்த இடத்தில் வலது காலை மாற்றிப் பார்த்தாயா?" என்பார்.

போன குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கவிழ்ந்த சுவரில் ஒரு மஞ்சள் வழி. நான், இரண்டு பல்கலைக்கழகப் பையன்கள், விரலெல்லாம் டேப் சுற்றிய எழுபது வயசுக்காரர் ஒருவர், இரவு ஷிஃப்டுக்குப் போகும் முன் வந்த ஒரு பெண். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. நாலாவது பிடியில் எல்லோரும் விழுந்தோம். பையன்கள் தாவினார்கள், விழுந்தார்கள். அந்தப் பெண் குதிகாலை ஒரு பிடியில் கொக்கி மாதிரி மாட்டிப் பார்த்தாள், கொஞ்சம் அதிக தூரம் போனாள், விழுந்தாள். பெரியவர் வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, கையை மாற்றாமல் காலை மட்டும் இரண்டு முறை மாற்றி, அவசரமே இல்லாமல் நாலாவது பிடியைத் தாண்டினார். ஐந்தாவதில் விழுந்தார். எங்களுக்கு அது போதும். குதிகால் அவளுடையது, கால் மாற்று அவருடையது, கடைசித் தாவல் பையன்களுடையது. முக்கால் மணி நேரத்தில் மூன்று பேர் முடித்தோம். பெரியவர் முடிக்கவில்லை. "வியாழக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினார்.

ஒரு வழியை எப்படி ஏறுவது என்ற இந்த விவரத்துக்கு 'பீட்டா' என்று பெயர். ஒரு மரியாதை உண்டு: கேட்காமல் சொல்லக் கூடாது. சிலருக்குத் தானே கண்டுபிடிப்பதில்தான் சுகம். "ஒரு யோசனை சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நமக்கு இலவச ஆலோசனை வழங்குவது பிறவிக் குணம், இந்த இடத்தில் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கிறது.

நம்ம ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்களே, தனியாகத் தெரிவோமா?

தெரிவோம். பொய் சொல்ல விரும்பவில்லை. முதல் வருடம் பல மாலைகளில் அந்தக் கூடத்தில் கறுத்த தோல் என்னுடையது மட்டும்தான். யாரும் தவறாக நடக்கவில்லை, ஆனால் நமக்கே ஒரு கூச்சம் இருக்கும். இப்போது மாணவர்களால் நிலைமை மாறிவருகிறது. பெண்களுக்கென்று தனி மாலைகள் பல சென்டர்களில் உண்டு, அங்கே தொடங்குவது எளிது. நான் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது நாங்கள் நாலு தமிழ்ப் பெண்கள் சேர்ந்து போகிறோம். சுவரில் தொங்கிக்கொண்டு "அய்யோ, போச்சு போச்சு" என்று கத்தினால் கீழே இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் இப்போது அர்த்தம் புரிகிறது.

மூலையில் இருக்கும் அந்த மரக்கட்டைப் பலகை?

சாய்ந்த பலகையில் ஏணிபோல மரச் சட்டங்கள் மட்டும் இருந்தால் அது கேம்பஸ் போர்டு. கால் வைக்காமல் விரலால் மட்டும் தாவித் தாவி ஏறுவது. 1988இல் வொல்ஃப்காங் குல்லிச் என்ற ஜெர்மானியர் நியூரம்பெர்கில் 'கேம்பஸ்' என்ற ஜிம்மில் அமைத்ததால் அந்தப் பெயர். அங்கே பயிற்சி எடுத்து 1991இல் அவர் ஏறிய 'ஆக்‌ஷன் டிரெக்ட்' இன்றும் பேசப்படுகிற வழி.

40 பாகை சாய்ந்து நெருக்கமாகப் பிடிகள் இருந்தால் அது மூன்போர்டு, ஷெஃபீல்டில் பிறந்தது. பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் பென் மூனும் நண்பர்களும் பயிற்சி எடுத்த 'ஸ்கூல் ரூம்' பலகைதான் அதன் தாய். உலகம் முழுக்க ஒரே மாதிரிப் பிடிகள், ஒரே மாதிரி இடம். செயலியில் ஒரு வழியைத் தேர்ந்தால் அதற்குரிய பிடிகளில் விளக்கு எரியும். டோக்கியோவில் ஒருவர் போட்ட வழியை நீங்கள் இங்கே ஏறலாம். முதல் வருடம் இரண்டு பக்கமும் போகாதீர்கள். காரணம் அடுத்த கேள்வியில்.

விரல் வலிக்கிறது. சாதாரணமா?

தோல் எரிச்சல் சாதாரணம். உள்ளங்கையில் காய்ப்பு வரும், அதை அரத்தால் தேய்த்து மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் ஒருநாள் பிய்ந்து வரும். தேங்காய் எண்ணெய் இரவில் தடவலாம், ஏறுவதற்கு முன் கூடாது.

விரல் மூட்டிலோ அடிப்பகுதியிலோ குத்தும் வலி என்றால் அன்றே நிறுத்துங்கள். தசை சில வாரங்களில் பலமாகும். எலும்போடு தசைநாரைப் பிடித்துவைக்கும் வளையங்கள் அந்த வேகத்தில் பலப்படாது, அவற்றுக்கு மாதங்கள், வருடங்கள் ஆகும். கை தயார் என்று நினைக்கும்போது விரல் தயாராக இருக்காது. 'டப்' என்ற சத்தத்தோடு அந்த வளையம் கிழிந்து மூன்று மாதம் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோருமே வேகமாக முன்னேறியவர்கள்.

குழந்தைகள்? வயதானவர்கள்?

இருவரும் வரலாம். குழந்தையோடு பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், கைபேசியில் மூழ்கியிருந்தால் ஊழியர் வந்து சொல்லிவிடுவார். வயதுக்கு அந்த எழுபது வயசுக்காரரே போதும். உடல் குறைபாடு உள்ளவர்களும் நிறையப் பேர் ஏறுகிறார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் பாராலிம்பிக்ஸில் பாரா கிளைம்பிங் முதல்முறையாக வருகிறது.

ஒலிம்பிக்ஸில் பார்த்தோமே, அதுவா இது?

அதேதான். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் முதலில் சேர்ந்தது. 2024 பாரிஸில் போல்டரிங்கும் கயிறு கட்டிச் சுவரேறுவதும் சேர்ந்த ஆண்கள் போட்டியில் பிரிட்டனின் டோபி ராபர்ட்ஸ் தங்கம் வாங்கினார், அப்போது வயது 19. அந்த வாரம் எங்கள் சென்டரில் இடமே கிடைக்கவில்லை.

வெளியே பாறைக்கு எப்போது போகலாம்?

ஆசை வந்தவுடன், ஆனால் தெரிந்தவர்களோடு. ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் சுமார் 20 நிமிடத்தில் ஹாதர்சேஜ், அங்கிருந்து மேட்டில் நடந்தால் ஸ்டானேஜ்.

என் முதல் நாளைச் சொல்கிறேன். பிப்ரவரி, 4 டிகிரி. இந்தக் குளிரில் எதற்கு என்று கேட்டேன். குளிரில்தான் கை வியர்க்காது, கிரிட்ஸ்டோன் பிடிக்கும் என்றார்கள். உள்ளே 6ஏ ஏறிக்கொண்டிருந்த நான், வெளியே அதைவிட எவ்வளவோ எளிதான ஒரு பாறையில் தரையிலிருந்து ஒரு முழம்கூட எழும்பவில்லை. நிறமே இல்லை. எங்கே பிடிப்பது என்று யாரும் ஒட்டிவைக்கவில்லை. வழவழத்த உருண்டை, அவ்வளவுதான். "காலை அழுத்தி நம்பு" என்றார்கள். நம்பினேன், வழுக்கினேன், முழங்காலில் தோல் போயிற்று. மூன்றாவது மணியில் எதுவுமே இல்லாத ஒரு சரிவில் கால் நின்றது. ரப்பரும் கல்லும் ஒட்டிக்கொண்ட அந்த நொடியை எந்தச் சுவரிலும் நான் உணர்ந்ததில்லை. உச்சியில் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் இருந்த சுக்குக் காபியை ஊற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அது இல்லாமல் என்னை அழைத்துப்போவதில்லை.

சில ஊர் வழக்கங்கள் உண்டு. கிரிட்ஸ்டோனில் ஆணி அடிப்பதில்லை, பாதுகாப்புக் கருவிகளை விரிசலில் செருகி, போகும்போது எடுத்துக்கொண்டே போக வேண்டும். வசந்த காலத்தில் ரிங் ஊசல் என்ற பறவை ஸ்டானேஜில் கூடு கட்டும். அந்தப் பகுதியில் பலகை வைத்திருந்தால் விலகிப் போங்கள். கல்லில் பொடி அடையாளம் போட்டால் துடைத்துவிட்டு வாருங்கள். குளிர் விடுமுறைக்கு ஹம்பி போய்ப் பாறையேறி வந்த ஷெஃபீல்டுக்காரர்களையும் அங்கே பார்க்கலாம். ஹம்பி எங்கே இருக்கிறது என்று அவர்கள் எனக்கு வழி சொன்னார்கள்.

குறையே இல்லையா?

இருக்கிறது. கூட்டம் பெருகிவிட்டது, கட்டணமும் கூடுகிறது. நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஓர் இடத்தில், மெத்தை ஓரம் உட்காரும் பலகையை எடுத்துவிட்டு எடை தூக்கும் இயந்திரங்களை வைத்தார்கள். சுவர் அதேதான், செட்டர்களும் நல்லவர்கள். ஆனால் உட்கார இடமில்லாததால் ஆளாளுக்குக் காதில் ஹெட்ஃபோனோடு ஏறிவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் பொறுத்துவிட்டு நான் வேறு இடம் மாறினேன். பொடித் தூசியும் ஒரு பிரச்சினைதான். ஆஸ்துமா இருப்பவர்கள் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள், தூள் பறக்காத திரவச் சாக் கிடைக்கும், அதைப் பூசுங்கள்.

சரி, முதல் நாள் எப்போது போவது? என்ன எடுத்துப் போவது?

சனி, ஞாயிறு மதியம் வேண்டாம், பிறந்தநாள் கொண்டாட்டக் குழந்தைகள் சுவரை ஆக்கிரமித்திருப்பார்கள். வாரநாளில் மாலை ஆறு முதல் எட்டு வரை நெரிசல். வெள்ளிக்கிழமை மாலை ஊரே பப்புக்குப் போய்விடும், அப்போது போங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். தண்ணீர், மாற்றுச் சட்டை, ஷூவுக்குள் போட மெல்லிய சாக்ஸ், ஒரு வாழைப்பழம். முன்பதிவு இணையத்தில் பத்து நிமிடம் எடுக்கும், வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறாதீர்கள். மறுநாள் சாப்பிடும்போது சோற்றைப் பிசைய விரல் மடங்காது. கரண்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.